‘பிரமாதம்’ என்று சொல்லாதீர்கள்

நம் நாட்டில் ஒருவனுடைய உழைப்பைக் கெடுக்க வேண்டுமானால் அவனைத் திட்ட வேண்டியதில்லை. ‘பிரமாதம்’ என்று சொல்லிவிட்டு நகர்ந்தால் போதும். திட்டு வாங்கியவன் அன்று இரவு தூங்கமாட்டான். எங்கே தப்புச் செய்தோம் என்று புரண்டு புரண்டு யோசிப்பான். ‘பிரமாதம்’ வாங்கியவன் நிம்மதியாகத் தூங்கிவிடுவான். மறுநாள் எழுந்து அதே தப்பை இன்னும் கொஞ்சம் பெரிதாகச் செய்வான்.

இதை நான் உபதேசமாகச் சொல்லவில்லை. குற்றத்தை ஒப்புக்கொள்கிறவனாகச் சொல்கிறேன்.

கோவில்பட்டிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஓர் இளைஞர் என்னைப் பார்க்க வந்தார். கையில் ஒரு பெரிய உறை. அதற்குள் 22 புகைப்படங்கள். கரிசல் காட்டையும், தீப்பெட்டி ஆபீஸில் வேலை செய்யும் பெண்களையும், ஊரில் மிஞ்சிக் கிடக்கும் கிழவர் கிழவிகளையும் ஒரு வருஷமாகச் சுற்றிச் சுற்றி எடுத்திருந்தார். ஒவ்வொரு படத்துக்கும் கீழே இரண்டு வரி. வரிசையாகப் பார்த்தால் ஒரு கதை மாதிரி வரவேண்டும் என்பது அவர் எண்ணம். புகைப்படக் கட்டுரை என்று இப்போது சொல்கிறார்களே, அதுதான்.

“அண்ணாச்சி, ஒரு அபிப்பிராயம் சொல்லணும்” என்றார்.

நான் பார்த்தேன். பதினேழாவது படத்தில் ஒரு கிழவி திண்ணையில் தனியாக உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே ‘கைவிடப்பட்டவள்’ என்று எழுதியிருந்தது. படத்தின் இடது மூலையில், தரையில், ஒரு நிழல் கிடந்தது. தலையும் ஒரு தோளும் மட்டும். படம் எடுத்தவரின் நிழலாக இருக்கலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். ஆனால் வெயில் விழுந்திருந்த திசைக்கு அவர் நிழல் அங்கே வர நியாயமில்லை. வேறு யாரோ பக்கத்தில் நின்றிருக்கிறார்கள். அது எனக்குத் தெரிந்தது. ஆனாலும் கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை? காபி ஆறிக்கொண்டிருந்தது. பையன் இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். முகத்தில் அப்படி ஓர் ஆவல். அதைக் கெடுப்பானேன் என்று நினைத்தேன். “பிரமாதம், தம்பி” என்றேன். அதோடு நின்றேனா? ‘கரிசல் காட்டின் கண்ணீரை இந்தப் படங்களில் கண்டேன்’ என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். இப்படி ஒரு வாக்கியத்தை என் கதையில் யாராவது எழுதி வைத்திருந்தால் நானே அடித்துவிட்டிருப்பேன்.

அந்த வாக்கியத்தைப் பெரிதாக அச்சடித்து வாசலில் தொங்கவிட்டு, கோவில்பட்டியில் ஒரு மண்டபத்தில் மூன்று நாள் படங்களைக் காட்சிக்கு வைத்தார். இரண்டாம் நாள் நானும் போயிருந்தேன். பதினேழாவது படத்துக்கு முன்னால் அந்தக் கிழவியே நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர். அவள் மகன். படத்தின் கீழே இருந்ததை அவர் படித்துச் சொல்லியிருக்கிறார் போலும்.

கிழவி என்னைப் பார்த்துக் கேட்டாள்: “ஏஞ்சாமி, எம் மகன் என் பக்கத்துலதான நின்னான்? அவனை எங்க காணோம்?”

மகன் சத்தம் போடவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். “எங்க ஆத்தாளுக்கு நான் கஞ்சி ஊத்தலைன்னு கோவில்பட்டி பூராவும் எழுதி ஒட்டிட்டீகளேய்யா.”

அன்றே அந்தப் படத்தை எடுத்துவிட்டார்கள். ஆனால் அதற்குள் ஊர்க்காரர்கள் பலர் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். கிராமத்தில் ஒருவனைப் பற்றி எழுந்த பேச்சு, படத்தைக் கழற்றினால் கழன்றுபோகிற ஆணியல்ல.

இளைஞர் அழுகிற நிலையில் இருந்தார். மகன் நின்றால் படத்தில் சோகம் வரவில்லை என்று ஓரத்தை வெட்டினாராம். பிறகு என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்: “அண்ணாச்சி, நீங்க முன்னாலேயே பார்த்தீங்கள்ல? ஒண்ணும் சொல்லலையே?”

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு நான் காலம் கடந்து சொல்லும் பதில்.

கதைக்கும் கவிதைக்கும் நம்மிடையே விமரிசனம் என்ற ஒன்று எப்படியோ வேர் பிடித்துவிட்டது. திருநெல்வேலியில் ரசிகமணி டி.கே.சி.யின் வட்டத்தொட்டியில் ஒரு பாட்டை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் பேசினார்கள். 1959 ஜனவரியில் சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ பத்திரிகையைத் தொடங்கி, இலக்கியத்தை எடைபோட்டே தீருவது என்று சொந்தக் காசைப் போட்டு நடத்தினார். இப்படிப் பேசிப் பேசித்தான் தமிழ்ச் சிறுகதை வளர்ந்தது. 1923-இல் பிறந்த இரண்டு பேர், கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும், கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரே இடைசெவலிலிருந்து வந்தார்கள். அந்த இரு நண்பர்களும் ஒருவரையொருவர் ‘பிரமாதம்’ என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் தமிழுக்கு என்ன கிடைத்திருக்கும்?

ஆனால் புகைப்படத்தைக் கண்டால் மட்டும் நமக்கு வாய் அடைத்துப்போகிறது. அல்லது ‘பிரமாதம்’ மட்டும் வருகிறது. “படம் பேசுகிறது” என்கிறோம். படம் பேசினால் அது உண்மை பேசுகிறதா என்று கேட்க வேண்டாமா?

எங்கள் கரிசலையே எடுத்துக்கொள்ளுங்கள். கரிசலைப் படமெடுக்க வருகிறவர்கள் அநேகமாகச் சித்திரை வைகாசியில்தான் வருகிறார்கள். பாளம் பாளமாக வெடித்த நிலம் ஒன்று, அதன் நடுவே ஒற்றை வேலமரம் ஒன்று, தலையில் துண்டைப் போட்டு வானத்தைப் பார்க்கும் சம்சாரி ஒருவர். கீழே ‘வறட்சி’ என்று எழுதிவிட வேண்டியது. நாமும் அதைப் பார்த்து ‘உச்’ கொட்டுகிறோம்.

கரிசல் மண் வெடிப்பது வறட்சியால் மட்டும் அல்ல. அது அந்த மண்ணின் சுபாவம். ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கும் களிமண் அது. நல்ல மழை பெய்து நல்ல விளைச்சல் கண்ட வருஷத்துக் கோடையிலும் வெடிக்கத்தான் செய்யும். மேல்மண் உதிர்ந்து அந்த வெடிப்புக்குள் விழும்; முதல் மழைத் தண்ணீர் அதன் வழியாக அடி ஆழத்துக்கு இறங்கும். தன்னைத்தானே உழுதுகொள்ளும் மண் என்று இதைச் சொல்கிறார்கள். அந்த வெடிப்பைப் பார்த்து எங்கள் சம்சாரி அழுவதில்லை. புரட்டாசியில் மேகம் கூடவில்லை என்றால், ஐப்பசியில் அடைமழை பிடிக்கவில்லை என்றால், அப்போதுதான் அவன் வயிறு கலங்கும். விதைத்த உளுந்தும் பாசியும் முளைத்து, பூக்கிற சமயத்தில் ஒரு மழை தவறிவிட்டால், அது பஞ்சம். அன்றைக்கு நிலம் பார்வைக்குப் பச்சையாகக்கூட இருக்கும். அந்தப் பச்சையைப் படமெடுக்க யாரும் வருவதில்லை. அதில் இருக்கும் துக்கம் தெரிய வேண்டுமானால் செடியை விலக்கிக் காய் இல்லாததைப் பார்க்கத் தெரிய வேண்டும்.

ஆக, கரிசலின் இயல்பான கோடையைக் காட்டி ‘வறட்சி’ என்கிறார்கள். உண்மையான வறட்சி வரும்போது ஊரில் இருப்பதில்லை. இதை யார் சொல்ல வேண்டும்? கரிசலைத் தெரிந்த நாம் சொல்ல வேண்டும். நாமோ ‘கரிசலின் கண்ணீர்’ என்று எழுதிக் கொடுக்கிறோம்.

இது நம் ஊர் வியாதி மட்டும் அல்ல. 1936-இல் அமெரிக்காவில் பெரிய வறட்சி. அரசாங்கத்தின் சார்பில் படமெடுக்கப் போன ஆர்தர் ரோத்ஸ்டைன் என்ற இளைஞர் தெற்கு டகோட்டாவில் வெடித்த நிலத்தின்மேல் கிடந்த ஒரு மாட்டு மண்டையோட்டைப் பார்த்தார். அதைச் சில அடி தூரம் நகர்த்தி வைத்தும் படமெடுத்தார். அது தேர்தல் வருஷம். எதிர்க்கட்சிப் பத்திரிகைகள் ‘மோசடி’ என்று கூச்சல் போட்டன. அந்தக் கூச்சலில் அரசியல் நிறைய இருந்தது. ஆனால் ஒரு நியாயமும் இருந்தது. அந்த உவர்நிலம் எந்த வருஷமும் அப்படித்தான் வெடித்துக் கிடக்கும்; அதைக் காட்டி வறட்சி என்று சொல்லலாமா என்று கேட்டார்கள். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. டகோட்டாவாக இருந்தால் என்ன, கோவில்பட்டியாக இருந்தால் என்ன! வெடித்த நிலத்தைக் கண்டால் காமிராவுக்குக் கை அரிக்கிறது.

அந்த வேலைக்குத் தலைவராக இருந்தவர் ராய் ஸ்ட்ரைக்கர். அவரிடம் படிக்க வேண்டியதும் உண்டு, ஒதுக்க வேண்டியதும் உண்டு. கார்ல் மைடன்ஸ் என்ற புகைப்படக்காரரைத் தென் மாநிலங்களுக்குப் பருத்தி விவசாயத்தைப் படமெடுக்க அனுப்ப இருந்தார். கிளம்பும் சமயத்தில், பருத்தியைப் பற்றி உமக்கு என்ன தெரியும் என்று கேட்டார். அதிகம் தெரியாது என்றார் மைடன்ஸ். உடனே அவரை உட்கார வைத்து, பகல் முழுவதும், இரவிலும் நெடுநேரம் பருத்தியைப் பற்றிப் பேசினாராம். அது பூமியில் எப்படி விளைகிறது, யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம், எல்லாவற்றையும். இதை நான் விமரிசனத்தின் உச்சம் என்று சொல்வேன். படம் எடுப்பதற்கு முன்பே செய்த விமரிசனம் அது. கோவில்பட்டியில் 1901-இல் தொடங்கிய வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கருங்கண்ணிப் பருத்தியைப் பற்றி ஒரு நாள் முழுக்கப் பேசக்கூடிய பெரியவர்கள் இன்னும் ஊருக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுக் காமிராவைத் திறந்தவர் எத்தனை பேர்?

ஆனால் அதே ஸ்ட்ரைக்கர் இன்னொன்றும் செய்தார். தமக்குப் பிடிக்காத படத்தின் நெகடிவில் ஓட்டை போட்டுவிடுவார். மறுபேச்சு இல்லை, அந்தப் படம் செத்தது. அவரிடம் வேலை செய்தவர்களுக்கே அது பொறுக்கவில்லை. இந்த ஓட்டை போடும் ஜாதி நம்மிடமும் உண்டு. ‘குப்பை’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு மீசையை முறுக்கிக்கொள்வார்கள். களை வெட்டப் போனவன் பயிரையும் சேர்த்து வெட்டிவிட்டு, ‘பார், எவ்வளவு சுத்தமாக வெட்டியிருக்கிறேன்’ என்றானாம். ‘பிரமாத’க்காரன் களையே வெட்டாதவன், இவன் பயிரையே விடாதவன். இரண்டு பேர் காட்டிலும் வெள்ளாமை வீடு வந்து சேராது. இருவரும் ஒரு விஷயத்தில் ஒன்று: இருவருமே குனிந்து பார்ப்பதில்லை.

“காமிராவைப் பிடிக்கத் தெரியாத நீ யார் சொல்ல?” என்று என்னை ஒருவர் கேட்டார். வெளிச்சத்தின் அளவு பற்றியும் லென்ஸ் பற்றியும் நான் வாய் திறந்தால் கேளுங்கள், தலை குனிகிறேன். ஆனால் புகைப்படக் கட்டுரை என்பது படம் மட்டும் அல்லவே! எது முதல், எது கடைசி, எதை விட்டார், எதைச் சொன்னார், கீழே என்ன எழுதினார் என்பதெல்லாம் கதை சொல்லும் வேலை. அந்த வேலையில் கெட்டு நொந்தவன் நான். அதுவும் போகட்டும். குழம்பில் உப்பு இல்லை என்று சொல்வதற்குச் சமையல்காரனாக இருக்க வேண்டியதில்லை, நாக்கு இருந்தால் போதும். படத்தில் இருப்பவர் நம் ஊர்க்காரர் என்றால் நாக்கு மட்டும் அல்ல, உரிமையும் இருக்கிறது.

“இளைஞர்கள் மனம் உடைந்துபோவார்கள்” என்பது இன்னொரு வாதம். கேட்பதற்குக் கருணை மாதிரி இருக்கிறது. உள்ளே போய்ப் பார்த்தால் அலட்சியம்தான். ஒரு வருஷம் வெயிலில் அலைந்தவனுக்கு ஒரு மணி நேரம் கொடுக்க நமக்கு மனமில்லை; அந்தக் கஞ்சத்தனத்துக்குக் கருணை என்று பெயர் வைக்கிறோம். நான் அந்தப் பையனின் மனம் உடையக்கூடாது என்று காபி குடித்தேன். உடைந்தது ஒரு மகனுடைய மானம்.

படத்தில் இருக்கும் மனிதரை மறந்துவிடுவதுதான் ரசிகர்களின் பெரிய குற்றம். 1936 மார்ச்சில் டொரோத்தியா லாங்கே கலிபோர்னியாவில் நிபோமோ என்ற இடத்தில் ஓர் ஏழைத் தாயைப் படமெடுத்தார். குழந்தைகள் தோளில் முகம் புதைத்திருக்க, கன்னத்தருகே கை வைத்துத் தூரத்தைப் பார்க்கும் அந்தத் தாயின் படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. உலகம் 40 வருஷம் ‘பிரமாதம்’ என்றது. அவள் பெயர் என்ன என்று அந்த 40 வருஷமும் தெரியவில்லை. 1978-இல்தான் அவர் பெயர் பிளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்று வெளியே வந்தது. அந்தப் படத்தால் தமக்கு ஒரு காசு வரவில்லை என்றும், எடுக்காமலே இருந்திருக்கலாம் என்றும் அவர் மனம் கசந்து சொன்னார். படம் நல்ல படம்தான். அரசாங்கத்தை அசைத்த படம்தான். அதற்காக அந்தக் கசப்பு இல்லாமல் போய்விடுமா?

நமக்கு இன்னும் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்தில், ஹூப்பர் என்ற வெள்ளைக்கார ராணுவ அதிகாரி எலும்பும் தோலுமான மனிதர்களை வரிசையாக உட்கார வைத்துப் படமெடுத்தார். நான் பார்த்த அந்தப் படங்களில் ஒருவருக்கும் பெயர் இல்லை. நம் பாட்டனுக்குப் பாட்டன் அதில் இருந்தாலும் நமக்குத் தெரியப்போவதில்லை.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. பி. சாய்நாத் 2014 டிசம்பரில் தொடங்கிய ‘பரி’ என்ற கிராமப்புற ஆவணத்தளத்தில் வரும் படக் கட்டுரைகளில் உழைப்பவருக்குப் பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது, கூலி இவ்வளவு என்று கணக்கு இருக்கிறது. அங்கே எழுதும் நம் எம். பழனி குமார், மீன் விற்கும் தம் தாயையே படமெடுத்தவர். துப்புரவுத் தொழிலாளர்களையும் தூத்துக்குடி உப்பளத்துப் பெண்களையும் அவர் எடுத்த படங்களில், அவர்கள் நம்மிடம் பரிதாபத்தை யாசிக்கவில்லை, கணக்குக் கேட்கிறார்கள். அவர் படங்களையும் நான் விமரிசிக்காமல் விடச் சொல்லவில்லை. விமரிசிக்கத் தகுதியுள்ள படங்கள் என்கிறேன்.

சரி, எப்படித்தான் சொல்வது? அந்த இளைஞரை மறுபடி வரச்சொல்லி அதே படங்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இந்தத் தடவை காபி பிறகுதான். முதலில் பேசாமல் இரண்டு தடவை முழுக்கப் பார்த்தேன். பிறகு பிடித்தது பிடிக்கவில்லை என்ற பேச்சுக்கே போகாமல், எனக்கு என்ன தெரிகிறது என்பதை மட்டும் சொன்னேன். ஏழாவது படத்தில் ஓர் அம்மாள் களைத்திருக்கிறாள் என்றேன். “இல்லை அண்ணாச்சி, அவுக சிரிச்சிட்டிருந்தாக, நான்தான் சிரிப்பு அடங்கட்டும்னு காத்திருந்தேன்” என்றார். சொல்லிவிட்டுச் சற்று நேரம் அவரே அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மேலே ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பிறகு ஒவ்வொரு படமாக வரிசையிலிருந்து எடுத்து, அது போனால் எதுவும் குறைகிறதா என்று பார்த்தோம். ஆறு படங்கள் போயின. வெடித்த நிலம் நான்கு இடத்தில் வந்தது; ஒன்று போதும் என்று ஆயிற்று. அதன் கீழே ‘வறட்சி’க்குப் பதிலாகச் ‘சித்திரை மாதம்’ என்று எழுதினார். தீப்பெட்டி ஆபீஸ் படங்களில் விரல்கள் வந்தன, குச்சி அடுக்கும் சட்டங்கள் வந்தன. எல்லாம் அழகாகத்தான் இருந்தன. “சம்பளம் வாங்குகிற படம் எங்கே?” என்று கேட்டேன். தீப்பெட்டி விலை 2007-இல் 50 காசிலிருந்து ஒரு ரூபாய் ஆயிற்று. 14 வருஷம் அப்படியே கிடந்து 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாய் ஆயிற்று. இடையில் அரிசி விலையும் பஸ் கட்டணமும் காத்திருக்கவில்லை. அந்த விரல்களின் கதை இந்தக் கணக்கில் அல்லவா இருக்கிறது! விரலை மட்டும் காட்டினால் அது அலங்காரம்.

கடைசியாக, ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கேள்வி: படத்தில் இருப்பவர் இதற்கு முன்னால் வந்து நின்றால் அவர் முகத்தை உம்மால் பார்க்க முடியுமா? இந்தக் கேள்விக்கு அழகியல் தெரிய வேண்டியதில்லை. மற்ற எல்லாக் கேள்விகளையும் விட இதுதான் கடினமானது.

நான் சொன்னதெல்லாம் சரியாக இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். “அடைமழையில் கரிசலை எடுத்த படம் ஒன்றுகூட இல்லையே, சோம்பேறித்தனமா?” என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்தது. “மழை பெஞ்ச கரிசல்ல நீங்க நடந்து பார்த்து எத்தனை வருஷமாச்சு, அண்ணாச்சி? செருப்புக்கு அடியில படி மண்ணு ஒட்டும். சைக்கிள் சக்கரம் சுத்தாது. நடுக்காட்டுல நின்னா காலைப் பிடுங்கவே ஒரு ஆள் வேணும்” என்றார். அவர் சொன்னது சரி. நான் டவுனில் வீடு கட்டிக்கொண்டு பல வருஷமாயிற்று. அந்தக் கோபத்தில்தான் எனக்கு நிம்மதி வந்தது. ‘பிரமாதம்’ என்று சொன்னபோது அவர் எனக்குப் பதிலே சொல்லவில்லை, கைகூப்பிவிட்டுப் போனார். இப்போது சமமாக உட்கார்ந்து சண்டை போடுகிறார்.

ஐப்பசியில் ஒரு புதுப் படம் கொண்டுவந்து காட்டினார். வரப்போரம் இரண்டு ஜோடிக் கால்கள், முழங்கால் வரை கரிசல் மண் அப்பியிருக்கிறது. ஒன்று கிழவியின் கால். மற்றொன்று ஓர் ஆணின் கால். மகனிடம் போய் மன்னிப்புக் கேட்டு, ஒரு வாரம் அவர்களோடு காட்டுக்குப் போய்வந்து, அவர்கள் பார்த்துச் சம்மதித்த பிறகு கொண்டுவந்த படம். கீழே இருவர் பெயரும் இருந்தன.

நாக்கு நுனியில் அந்தப் பாழும் வார்த்தை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, “தம்பி, வலது ஓரத்தில் ஒரு களைக்கொத்தியின் பிடி தெரிகிறதே, யாருடையது?” என்று கேட்டேன்.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.